வீட்டுப் பட்டறையில் கம்பியும் பைப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பட்டறை 10 அடிக்கு 12 அடி. கம்பி, ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), பைப் எல்லாம் மூலையில் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றை உருவினால் நான்கு சரிகின்றன. சுவரில் ராக் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். இரும்புக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் எத்தனை கிலோ என்று வந்துவிடும். 25 மி.மீ. கம்பி மீட்டருக்கு 3.86 கிலோ. 50 மி.மீ. என்றால் 15.4 கிலோ! அலுமினியம் ஏறக்குறைய இதில் மூன்றில் ஒரு பங்கு.

இந்தச் சுமையைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். 40 மி.மீ. சதுரக் குழாயில் மூன்று தூண்களைத் தரையிலேயே ஊன்றி நிறுத்துங்கள். எடை தரைக்குப் போய்விடும்; தூண் முன்னால் சாயாமல் பிடிப்பதுதான் அதைச் சுவரோடு இணைக்கும் ஆங்கர் போல்ட்டின் வேலை. அந்தப் பிடியில் மேல் போல்ட்தான் முக்கியம். அதைத் தூணின் உச்சிக்குப் பக்கத்தில் போடுங்கள். 6 மீட்டர் நீளத்தைப் பாதியாக வெட்டி 12 அடிச் சுவரோரம் வையுங்கள். தூண்களுக்கு நடுவே 1 மீட்டர் இடைவெளி விட்டால், இரு பக்கமும் அரை மீட்டர்தான் வெளியே நீளும். 6, 8 மி.மீ. கம்பிகள் அந்த இடைவெளியில் சற்றுத் தொய்யும். அவற்றை ஒரு ஆங்கிளின் மடிப்புக்குள் கிடத்துங்கள்.

கம்பியைத் தாங்கத் தூணிலிருந்து நீளும் கைகள் 30 செ.மீ. போதும். வெல்டிங் செய்யும்போது நுனியை 25 மி.மீ. தூக்கி வையுங்கள். மட்டமாக வைத்தால் உருண்டைக் கம்பி உருண்டு காலில் விழும். கனமானது முழங்காலுக்குக் கீழே, இலேசானது மேலே. கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முனைக்கும் ரப்பர் மூடி கட்டாயம். குனிந்து நிமிரும்போதுதான் விபத்து நடக்கிறது.

கேள்வி: எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்), இ.என்.8, இ.என்.1ஏ என்று பல எஃகு வகைக் கம்பிகள் எல்லாம் கலந்துவிட்டன. பார்த்தால் ஒன்றுபோல் இருக்கின்றன.

பதில்: ராக்கைவிட இதுதான் பெரிய பிரச்சினை. இன்ன உலோகம் என்று தெரியாத கம்பியை நம்பி எதுவும் செய்ய முடியாது. இ.என்.1ஏ-வில் கந்தகம் அதிகம். கடைசலில் வெண்ணெய்போல வெட்டும், வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். இ.என்.8-இல் கார்பன் சுமார் 0.4 சதவீதம், தடித்த துண்டைச் சூடாக்காமல் வெல்டு செய்தால் வெல்டுக்கு ஓரத்தில் உலோகம் கடினமாகி உடையலாம்.

வாங்கி வந்த அன்றே, கீழே இறக்குவதற்கு முன், ஒரு முனையில் பெயின்ட் அடியுங்கள். எந்த நிறம் எதற்கு என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். பெயின்ட் இல்லாத முனையிலிருந்தே எப்போதும் வெட்டுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: அவசரத்தில் பெயின்ட் முனையை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சக் கம்பி அநாதை.

ஏற்கெனவே கலந்தவற்றை கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கார்பன் குறைந்த எம்.எஸ். நீளமான, கிளைகள் குறைந்த பொறிகளை விடும். கார்பன் ஏற ஏறப் பொறி குட்டையாகி, நுனியில் நட்சத்திரம்போலச் சிதறும். தெரிந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் இது பிடிபடும். ஆனால் எம்.எஸ்.ஸையும் இ.என்.1ஏ-வையும் பொறியால் பிரிக்க முடியாது, இரண்டிலும் கார்பன் குறைவுதான். சந்தேகமானதை வெல்டிங்குக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: புதுக் கம்பி ஒரே மாதத்தில் துருப்பிடிக்கிறது. எண்ணெய் தடவியும் பயனில்லை.

பதில்: பட்டறையில் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டில் இருக்கிறதா? மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும். அறையிலுள்ள இரும்பெல்லாம் துரு ஏறும். முதலில் அதை வெளியேற்றுங்கள். பிறகு கம்பிகளைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்துங்கள், கான்கிரீட் ஈரம் விடும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். துண்டுக் கம்பிகளைப் பி.வி.சி. குழாயில் நிறுத்தினால் அடிப்பக்கத்தை மூடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மரக்கட்டைமேல் தனியாக வையுங்கள். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் அதன்மேல் படிந்தால் பழுப்புப் புள்ளிகள் விழும்.

கேள்வி: துண்டுகளை எதுவரை சேர்த்து வைப்பது?

பதில்: வைஸிலோ கடைசல் இயந்திரத்தின் சக்கிலோ பிடிக்க முடியாத அளவு குட்டையான துண்டு வேண்டாம். மற்றவற்றுக்கு ஒரே ஒரு வாளி. அது நிறைந்தால், புதிதாக ஒன்று போடும்முன் பழையதில் ஒன்று பழைய இரும்புக்குப் போகட்டும். பித்தளையை மட்டும் தனி டப்பாவில் போடுங்கள், சிறு துண்டுகூட புஷ் (அச்சு சுழலும் சிறு வளையம்) கடையப் பயன்படும்.