வீட்டில் ரைஃபிள் தோட்டா ரீலோடிங் மேசை அமைக்க முதலில் என்ன வாங்க வேண்டும்?

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், மான் வேட்டைக்கு .308 வின்செஸ்டர் ரைஃபிள் வைத்திருக்கிறீர்கள், வீட்டு பேஸ்மென்ட்டில் ரீலோடிங் மேசை போட வேண்டும், எந்த பிரஸ் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ரீலோடிங் என்றால் சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி நிரப்புவது, பிரஸ் என்பது அதற்கான கைப்பிடி வைத்த அழுத்தும் கருவி. பிரஸ்ஸைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது இந்த மேசையில் கவலைப்பட வேண்டிய விஷயங்களில் கடைசிதான்.

மேசைக்கு முன்னால் சட்டம். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. செய்து விற்பது தொழிலானால் உரிமம் கட்டாயம். ஆனால் நம்மவர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மத்திய சட்டத்தின் விளக்கப்படி வெற்றுக் கேஸ் (பித்தளைக் கூடு), பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு, மருந்து (எரியும் வெடிமருந்துப் பொடி) நான்குமே தனித்தனியாகவும் 'தோட்டா' என்ற சொல்லில் அடக்கம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தற்காலிக விசாவில் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதை ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

சரி, இடம். பேஸ்மென்ட் நல்ல தேர்வுதான். கராஜ் கோடையில் அடுப்பாகக் காயும், மருந்துக்கு அது ஆகாது. ஆனால் பேஸ்மென்ட்டில்தான் பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரும் ஃபர்னஸும் இருக்கும். எரிவாயுவில் ஓடுபவை என்றால் உள்ளே நெருப்பு இருக்கிறது. மேசையும் மருந்து அலமாரியும் அவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும், முடிந்தால் வேறு அறையில். தரையில் கார்பெட் வேண்டாம். கீழே விழுந்த பிரைமரும் சிந்திய மருந்தும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு யாராவது வாக்வம் கிளீனர் போட்டால் ஆபத்து. வெறும் சிமென்ட் தரை, ஒரு பிரஷ், ஒரு முறம் போதும்.

மேசை அசையவே கூடாது. .308 கேஸை டைக்குள் (பிரஸ்ஸில் மாட்டும் எஃகு அச்சுக்குள்) அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது கைப்பிடியில் நல்ல பலம் விழும். திரும்பக் கைப்பிடியைத் தூக்கும்போது கேஸ் டையை விட்டு வர மறுத்தால் மேசையே மேலெழப் பார்க்கும். அதனால் 2x4 கட்டைகளில் கால் அடித்து, முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டி மேல்பலகை போட்டு, பின்பக்கச் சட்டத்தைச் சுவரின் ஸ்டட் கட்டைகளில் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். பிரஸ்ஸைப் பலகையின் நடுவில் வைக்காமல் ஒரு காலுக்கு நேர் மேலே வையுங்கள். நீளம் எவ்வளவு கிடைத்தாலும் ஒரு ஓரத்தைப் பிரஸ்ஸுக்கும் மறு ஓரத்தைத் தராசுக்கும் பிரித்துவிடுங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் தராசு ஆடும்.

தராசுதான் என் கணக்கில் மேசையின் தலைவன், காசை அங்கே போடுங்கள். மருந்தைக் கிரெய்ன் என்ற அலகில் நிறுக்கிறோம். 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்ட். நாம் பார்ப்பது 0.1 கிரெய்ன் வரை, அதாவது சுமார் 6.5 மில்லிகிராம். ஃபேன் காற்று, ஏசி காற்று பட்டாலே எலக்ட்ரானிக் தராசின் எண் நகரும். சில தராசுகள் டியூப் லைட்டுக்கும் தடுமாறும். போட்டதும் நிறுக்காமல் சூடேற நேரம் கொடுங்கள். சோதனை எடைக் கற்கள் ஒரு செட் வாங்கி, உட்காரும்போதெல்லாம் சரிபாருங்கள். நான் பழைய பாணி பீம் தராசையும் வைத்திருக்கிறேன். அதற்குக் கண் மட்டத்தில் ஒரு சின்ன அலமாரி அடித்து அதன் மேல் வையுங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் முள் தவறாகத் தெரியும்.

அடுத்தது மருந்து. மேசை மேல் ஒரே ஒரு டப்பா, அதுவும் அப்போது உபயோகிக்கும் டப்பா மட்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பெயர்களே ஏமாற்றும் என்பதுதான் காரணம். ஐஎம்ஆர் 4350 என்று ஒன்று, எச்4350 என்று ஒன்று. ஒரே எண், வெவ்வேறு மருந்து, எரியும் வேகமும் வேறு. 4895-லும் இதே கதை. ஒன்றுக்கான அளவை மற்றதற்குப் போடக் கூடாது. வேலை முடிந்ததும், மருந்தை அளந்து போடும் குடுவையில் மிஞ்சியதை அன்றைக்கே அதே டப்பாவில் கொட்டிவிடுங்கள். மறுநாள் குடுவையில் என்ன மருந்து என்று யோசிக்கும் நிலை வரவே கூடாது. அப்படி வந்தால் அந்த மருந்து தோட்டாவுக்கு இல்லை.

எடுத்து வைப்பதிலும் பலர் தவறாக நினைக்கிறார்கள். பத்திரம் என்று எண்ணி மருந்தை இரும்பு கன் சேஃபில் பூட்டுவார்கள். புகையில்லா மருந்து திறந்த வெளியில் குபீரென்று எரியும், அவ்வளவுதான். இறுக்கமான இரும்புக்குள் எரிந்தால் அழுத்தம் ஏறி வெடிக்கும். அதனால் தயாரிப்பாளர் கொடுத்த டப்பாவிலேயே, மர அலமாரியில் வையுங்கள், பூட்டும் அதற்கே போடுங்கள். அமெரிக்கத் தீயணைப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 495, வீட்டில் 20 பவுண்ட் வரை அசல் டப்பாவில் வைக்கலாம் என்கிறது. அதற்கு மேல் 50 பவுண்ட் வரை ஒரு அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பிரைமரை அதன் அட்டையிலிருந்து எடுத்துக் கண்ணாடி ஜாடியில் ஒருபோதும் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும்.

மேலே நல்ல வெளிச்சம் வேண்டும், கையில் ஒரு டார்ச்சும் வேண்டும். 50 குழி உள்ள லோடிங் பிளாக்கில் கேஸ்களை நிறுத்தி மருந்து போட்டதும், குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மட்டம் தெரிய வேண்டும்.

கேஸ் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பித்தளை ஒவ்வொரு முறை சுடும்போதும் நீளும், டைக்குள் போய் வரும்போதும் நீளும். அந்தப் பித்தளை அடிப்பக்கச் சுவரிலிருந்து வருகிறது, அங்கே சுவர் மெலிந்துகொண்டே போகும். வெளியே அடிக்குச் சற்று மேலே பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறிதாக வளைத்து, உள்சுவரோடு இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டுப்பட்டால் அந்தக் கேஸை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். அது அடுத்த சுடலில் இரண்டாக அறுந்து, சூடான வாயு உங்கள் பக்கம் வரக்கூடும்.

நீளத்துக்கு வெர்னியர் காலிப்பர். .308 கேஸின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டினால் 2.005-க்குக் கொண்டுவருவது வழக்கம். நீளம் மிஞ்சினால் கேஸின் கழுத்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் முனையில் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் தாறுமாறாக ஏறும். இந்தத் தோட்டாவுக்கு விதித்த உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்ட். அதற்கு மேல் விளையாட இடமில்லை.

மருந்தின் அளவுக்கு அச்சிட்ட லோடிங் கையேடு குறைந்தது இரண்டு வாங்குங்கள், ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்க அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். குண்டு, பிரைமர், கேஸ் எது மாறினாலும் மறுபடி கீழிருந்து. இணையத்தில் யாரோ எழுதிய அளவை எடுக்காதீர்கள். அதனால்தான் நானும் இங்கே எந்த அளவும் எழுதவில்லை.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஈயத்தை மறக்க வேண்டாம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயக் கலவை இருக்கிறது. சுட்ட கேஸைச் சுத்தம் செய்ய மக்காச்சோளத் தக்கைத் தூள் போட்டு டம்ப்ளர் என்ற கருவியில் சுற்றும்போது அது தூசியாகப் பறக்கும். டம்ப்ளரை வெளியே வைத்து ஓட்டுங்கள், அல்லது தண்ணீரில் கழுவும் வகையை வாங்குங்கள். மேசையில் டீ, பிஸ்கெட் எதுவும் வேண்டாம். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

இனி பிரஸ். ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்குங்கள், வார்ப்பிரும்பில் 'ஓ' வடிவச் சட்டம் உள்ளது. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் தலைமுறைகளாக ஓடுகிறது, லீ மலிவு, ஹார்னடியும் நன்றாக இருக்கும். டைகளின் மரை பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே அளவு, எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. அதனால் ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் பொருந்தும். ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ் இப்போது வேண்டாம். மான் வேட்டைக்கு வருடத்துக்கு எத்தனை தோட்டா ஆகிவிடப் போகிறது? மிச்சப் பணத்தில் கண்ணைக் காக்கும் கண்ணாடி, கேஸ் டைக்குள் சிக்காமல் தடவும் கேஸ் லூப், டைக்குள் சிக்கிய கேஸை எடுக்கும் கருவி வாங்குங்கள். அப்புறம் சுத்தியல் வடிவ புல்லட் புல்லர் ஒன்று. மருந்து சரியாகப் போட்டோமா என்று சந்தேகம் வந்த தோட்டாவைப் பிரித்துப் பார்க்க அது கைக்கு எட்டும் தூரத்தில் தொங்க வேண்டும்.