ஆறு ரெஜிஸ்டர்களும் அப்பாவின் கேள்வியும்: மூன்றாமாண்டு மாணவர் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

இரண்டு மாதங்களாகச் சி மொழியிலும் அசெம்பிளியிலுமாக ஒரே ப்ரோகிராமுக்குள் பல வேலைகளை (ஒவ்வொன்றும் ஒரு த்ரெட்) மாறி மாறி ஓட்டும் ஒரு சிறிய த்ரெட் லைப்ரரியை எழுதி வருவதாகவும், திரையில் ஒன்றும் தெரியாத இந்த வேலை எந்த நிறுவனத்தில் எடுபடும் என்று அப்பா கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் கேள்வி நியாயமானது. வளாக நேர்காணலின் முதல் சுற்றில் பெரும்பாலும் இருப்பவை திறனறித் தேர்வும் டேட்டா ஸ்ட்ரக்சர் கணக்குகளுமே. அங்கே இந்த ப்ராஜெக்ட் ஒரு மதிப்பெண்கூடப் பெற்றுத் தராது. ஆகவே காலை நேரத்தை அவற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

ஆனால் சிஸ்டம்ஸ் துறையில் பழகிய ஒருவர் எதிரே அமரும் நேர்காணலில் கதை வேறு. அவர் உங்கள் லைப்ரரி ஓடுகிறதா என்று பார்க்க மாட்டார். புதிய த்ரெட்டின் ஸ்டாக்கில், அதாவது அதன் ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகப் பகுதியில், முதலில் என்னென்ன எழுதினீர்கள், ஏன் எழுதினீர்கள் என்று ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்குக் கேட்பார். அந்தக் கணக்கு உங்களிடம் இன்னும் முழுமையாக இல்லை என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது.

முதலில் ரெஜிஸ்டர்களை, அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்களை, எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் எக்ஸ்86-64 கணினியில் எல்லா ரெஜிஸ்டர்களையும் சேமிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறில்லை, வீண். த்ரெட் தானாகத் தன் முறையை விட்டுக்கொடுக்கும் அமைப்பில், அடுத்த த்ரெட்டுக்கு மாற்றும் வேலையைச் செய்வது ஒரு சாதாரண ஃபங்ஷன் அழைப்பு. அழைப்புக்குப் பின் ஆர்ஏஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8 முதல் ஆர்11 வரையிலானவை போன்ற ரெஜிஸ்டர்களில் பழைய மதிப்பு இருக்காது என்று கம்பைலர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு, தேவையானதைத் தானே ஸ்டாக்கில் பத்திரப்படுத்திவிடுகிறது. ஆகவே நீங்கள் காக்க வேண்டியவை ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12, ஆர்13, ஆர்14, ஆர்15 ஆகிய ஆறும், ஸ்டாக் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஆர்எஸ்பியும்தான். மிதவைப்புள்ளிக் கணக்கின் (தசம எண் கணக்கின்) கட்டுப்பாட்டு அமைப்புகளும் விதிப்படி காக்கப்பட வேண்டியவையே. அவற்றை எந்த த்ரெட்டும் மாற்றாது என்று தெரிந்து விடுபவர்களும் உண்டு, ஆனால் தெரிந்து விடுவதும் தெரியாமல் விடுவதும் நேர்காணலில் ஒன்றல்ல. சிக்னல் (ஓடும் ப்ரோகிராமை இடைமறிக்கும் அறிவிப்பு) கொண்டு த்ரெட்டின் முறையை இடையில் பறிப்பதானால் இந்தச் சலுகை எதுவும் பொருந்தாது. அங்கே எந்த ரெஜிஸ்டரையும் விட முடியாது.

அடுத்தது உங்களைத் தூங்கவிடாத பிழை. முழு எண்ணை பிரிண்ட்எஃப் மூலம் அச்சிட்டால் ஓடுகிறது, தசம எண்ணை அச்சிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவகத்தைத் தவறாகத் தொட்டதால் ப்ரோகிராம் விழுவது) வருகிறது என்கிறீர்கள். இந்தத் துறையில் நுழையும் பலரும் இடறி விழும் படிக்கட்டு இது. ஒரு ஃபங்ஷனுக்குள் நுழையும் கணத்தில், ஆர்எஸ்பியோடு 8-ஐக் கூட்டினால் அது 16-இன் மடங்காக இருக்க வேண்டும் என்பது விதி. தசம எண் வந்தால் பிரிண்ட்எஃப் மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் எழுதிவைக்கும். அதற்குப் பயன்படும் கட்டளை 16-இன் மடங்கல்லாத முகவரியை ஏற்காது. முழு எண் வரும்போது அந்தக் கட்டளை தாண்டப்படுவதால் பிழை மறைந்திருக்கிறது.

நீங்கள் செய்தது, ஸ்டாக்கின் உச்சியில் தொடக்க ஃபங்ஷனின் முகவரியை வைத்து, அதன் கீழே ஆறு ரெஜிஸ்டர்களுக்கும் இடம்விட்டது. மொத்தம் 56 பைட். ஆறையும் எடுத்த பின், ஸ்டாக்கில் உள்ள முகவரிக்குத் தாவும் ரெட் கட்டளை அந்த முகவரியையும் எடுத்துவிட, ஆர்எஸ்பி சரியாக 16-இன் மடங்கில் போய் நிற்கிறது. அதாவது 8 பைட் பிசகு. உச்சியில் முதலில் ஒரு பூஜ்ஜியத்தை, திரும்பிச் செல்லும் முகவரியின் இடத்தில், எழுதுங்கள். அதன் கீழ் தொடக்க முகவரி, அதன் கீழ் 48 பைட். மொத்தம் 64. அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக த்ரெட்டை முடிக்கும் ஃபங்ஷனின் முகவரியை வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால், அங்கே ரெட் வழியாக நுழையும்போது அதே 8 பைட் மறுபடி பிசகும். பயனரின் ஃபங்ஷனை அழைத்து, அது திரும்பியதும் முடிப்பு ஃபங்ஷனை அழைக்கும் ஒரு சிறு உறை ஃபங்ஷனையே தொடக்கமாக வைப்பது நேர்வழி.

ஸ்டாக்கின் அளவு பற்றிச் சுருக்கமாக: 64 கிலோபைட் போதும், ஆனால் வழக்கமாக நினைவகம் வாங்கும் மாலாக்கை விட்டு, பக்கம் பக்கமாக வாங்கும் எம்மேப் மூலம் வாங்கி, கீழ்க்கோடிப் பக்கத்தை எவரும் தொட முடியாததாக்குங்கள். எக்ஸ்86-இல் ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால், நிரம்பி வழிந்தால் அடுத்த த்ரெட்டின் நினைவகத்தைச் சத்தமில்லாமல் கெடுப்பதைவிட, வழிந்த இடத்திலேயே விழுவது நல்லது. கோ மொழி 2 கிலோபைட்டில் தொடங்கி, தேவைப்படும்போது ஸ்டாக்கைப் பெரிய இடத்துக்கு நகலெடுக்கிறது. ஸ்டாக்கைச் சுட்டும் பாயின்டர்களை எல்லாம் கண்டறிந்து திருத்த வழியில்லாததால் சி மொழியில் அது இயலாது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இந்த அறிவு நேரடியாகப் பயன்படும் இடங்களில், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியது, கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகளுக்கு மென்பொருள் எழுதும் எம்பெடட் துறை என்பது என் கணிப்பு. ஃப்ரீஆர்டாஸ் போன்ற நிகழ்நேர இயக்க முறைமைகள் செய்வதும் இதே வேலைதான். அத்தகைய கருவிகளில் இருக்கும் கார்டெக்ஸ்-எம் சில்லில் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்ததும் எட்டு ரெஜிஸ்டர்களை வன்பொருளே ஸ்டாக்கில் தள்ளிவிடும். ஆர்4 முதல் ஆர்11 வரை மென்பொருள் தள்ள வேண்டும். ஏன் இப்படிப் பங்கிட்டார்கள் என்று நீங்கள் இப்போதே ஊகித்திருப்பீர்கள். மொழி ரன்டைம் (ஒரு மொழியின் ப்ரோகிராமை ஓட்டும் அடித்தளம்), டேட்டாபேஸ் எஞ்சின் போன்றவையும் உண்டு. ரன்டைமே மாற்றி மாற்றி ஓட்டும் விர்ச்சுவல் த்ரெட் ஜாவாவில் 2023-இல் வெளிவந்த 21-ஆம் பதிப்பில்தான் முழுமையாக இடம்பெற்றது. ஆனால் அத்தகைய பணியிடங்கள் குறைவு என்பதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம்.

பிழையைத் திருத்திய பின், எம்ஐடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் எக்ஸ்வி6 என்ற கற்பித்தலுக்கான இயக்க முறைமையின் பயிற்சிகளில் பயனர் மட்ட த்ரெட் பயிற்சியை ரிஸ்க்-ஃபைவ் சில்லுக்குச் செய்துபாருங்கள். அங்கே காக்க வேண்டியவை ஆர்ஏ, எஸ்பி, எஸ்0 முதல் எஸ்11 வரை 14 ரெஜிஸ்டர்கள். அதுவரை சுயவிவரக் குறிப்பில் இந்த ப்ராஜெக்டைச் சேர்க்காதீர்கள். அடுத்த முறை வரும்போது மடிக்கணினி தேவையில்லை. அந்த 64 பைட்டையும் ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து எடுத்து வாருங்கள், அப்பாவையும் அழைத்து வாருங்கள்.