கண்ணாடியைத் தேய்த்துப் பிழைக்க முடியுமா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் "கல் தேய்க்கிற வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று இடத்திலும் பேனா தாளைக் கிழிக்கப் பார்த்திருக்கிறது. திருச்சியில் வாழ்க்கைப்பட்ட ஒருவருக்கு அந்தச் சொல் எதையெல்லாம் கிளறும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மாமனார் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது வீட்டுத் தொழில். சுவிட்சர்லாந்திலிருந்து கச்சாக் கல் வந்தது. இங்கே கைபட்ட பிறகு மூக்குத்தியாகவும் தோடாகவும் ஊர் ஊராகப் போனது. பிறகு சீனக் கல் குறைந்த விலைக்கு வந்து இறங்கியது. சாணையைப் பழைய இரும்புக்குப் போட்ட வீட்டின் மருமகள், பிளஸ் டூ படிக்கும் மகன் "கண்ணாடியில் நகைக்கல் செய்யப் போகிறேன்" என்றால் பதறத்தான் செய்வார்.

போன சனிக்கிழமை உங்கள் மகன் என்னைப் பார்க்க வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். பஞ்சுக்குள் ஒரு பச்சைக் கல். பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து, நீள்வட்டமாகத் தேய்த்து, மேற்புறத்தைக் குவித்து, அடியைத் தட்டையாக விட்டிருந்தான். இந்த வடிவத்துக்குக் கேபோஷான் என்று பெயர். பட்டை கிடையாது, வழவழப்புத்தான் அதன் அழகு. பெயர்தான் புதிது; நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகைகளில் சிவப்பும் பச்சையுமாகப் பதிக்கும் கெம்புக் கல்லை நீங்கள் எத்தனை அரங்கேற்றத்தில் பார்த்திருப்பீர்கள்! அதே குடும்பம்தான்.

நான் அந்தக் கல்லை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். குவிந்த பரப்பில் வெளிச்சம் ஒரு கோடாக விழும். கல்லை மெல்லச் சாய்த்தால் அந்தக் கோடு எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தம்பியின் கல்லில் உச்சி வந்ததும் கோடு ஒரு கணம் நின்று, பிறகு குதித்தது. உச்சி சப்பையாகிவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் மயிரிழை போல இரண்டு வெள்ளைக் கீறல்கள் வேறு. நான் வாய் திறப்பதற்கு முன்பே அவன் சொன்னான்: "220-லிருந்து 600-க்குப் போகாமல் நேராக 1200-க்குப் போய்விட்டேன் சார்."

இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுத அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். வைரத்தூள் பதித்த சக்கரங்களுக்கு அப்படி எண் உண்டு. எண் கூடக் கூடத் தூள் நைஸாகும். முந்தைய சக்கரம் போட்ட கீறலை அடுத்தது அழிக்க வேண்டும். நடுவில் ஒரு படியை விட்டால், கடைசியில் ஃபெல்ட் என்னும் கம்பளிச் சக்கரத்தில் சீரியம் ஆக்ஸைடு என்னும் மெருகுத்தூள் போட்டு எவ்வளவு மெருகேற்றினாலும் பழைய கீறல் பல்லைக் காட்டும். தன் தவறு எந்தப் படியில் நடந்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளை நான் அதிகம் பார்ப்பதில்லை.

இனி வருமானம். வெறும் தேய்ப்புக்குக் கூலி இல்லை அம்மா, இதைத் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். அச்சில் வார்த்த கண்ணாடிக் கல் மூட்டைக் கணக்கில் வருகிறது; அதோடு கையால் போட்டியிட்டால் மாமனார் கதைதான். விலை கிடைக்க வேண்டுமானால் அந்தக் கண்ணாடி வேறெங்கும் இல்லாததாக இருக்க வேண்டும். அதாவது, நிறக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, மின்உலையில் 800 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்கி ஒட்டவைத்து, அந்தக் கோலத்தையும் அவனே உண்டாக்க வேண்டும். அங்கேதான் பாடப்புத்தகம் குறுக்கே வருகிறது. சூட்டில் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு அளவு விரியும். 90, 96 என்று அதற்கு எண் போட்டுத்தான் விற்கிறார்கள். இரண்டையும் கலந்து உருக்கினால் உலையிலிருந்து வெளிவரும்போது நன்றாகவே இருக்கும். நான்கு நாள் கழித்து வாங்கியவர் கழுத்தில் விரிசல் விட்டாலும் விடும். 500 டிகிரியை ஒட்டிச் சற்று நேரம் நிறுத்தி, பிறகு நிதானமாக ஆறவிடாவிட்டாலும் இதே கதிதான். பிளஸ் டூ இயற்பியலையும் வேதியியலையும் அவன் பாதியில் விட்டால் இந்தத் தொழிலும் போகும். அவனை மிரட்ட உங்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

இன்னொரு சங்கதி. கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கம். தெருப் புழுதியில் இருக்கும் மணல் கனிமமான குவார்ட்ஸ் ஏழு; கடினம் கூடியது குறைந்ததைக் கீறும். தினமும் போடும் மோதிரத்தில் கண்ணாடியைப் பதித்தால் சில மாதங்களில் மங்கிவிடும். பதக்கமும் தோடும் செய்யட்டும், மோதிரம் வேண்டாம். கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லியே விற்கட்டும். தங்கத்தூள் தூவியதுபோல மின்னும் கோல்ட்ஸ்டோன் அசல் கண்ணாடிதான். அதைச் 'சூரியகாந்தக் கல்' என்று ராசி பார்த்து விற்பவர்களோடு அவன் சேரக் கூடாது.

படிப்புக்கு வருகிறேன். கணக்கில் மதிப்பெண் வந்தால் பொறியியல் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழக ஏ.சி. டெக். (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) வளாகத்தின் பி.டெக். செராமிக் டெக்னாலஜியை, அதாவது பீங்கான் தொழில்நுட்பத்தை, எழுதச் சொல்லுங்கள். கண்ணாடியும் அந்தத் துறைக்குள் அடங்கும், தொழிற்சாலை வேலைக்கும் வழி உண்டு. என் ஓட்டு இதற்குத்தான். கை ஓவியத்தில் ஓடுகிறதென்றால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் செராமிக்கும் கண்ணாடியும் சேர்ந்த நான்காண்டு வடிவமைப்புப் பட்டம், பி.டெஸ்., இருக்கிறது; நுழைவுத் தேர்வு கடினம். கல் வேலைதான் என்று ஒரே பிடியாக நின்றால் ஜெய்ப்பூர், அங்குள்ள இந்திய ரத்தினக்கல்-நகை நிறுவனம். கண்ணாடியில் பழகிய கை அகேட் என்னும் இயற்கைக் கல்லுக்கும் காங்கேயத்து நிலாக்கல்லுக்கும் ஓடும் என்பதால் அந்தப் படிப்பு வீணாகாது. ஆனால் விளம்பரம் பார்த்துச் சேராதீர்கள். ஒருமுறை நானே ஒரு மாணவனைத் தனியார் டிப்ளமோ ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, முப்பது பேருக்கு ஒரே இயந்திரம் என்று பிறகு தெரிந்து தலைகுனிந்தேன். பணம் கட்டுமுன் பட்டறையை நேரில் பார்த்துவிடுங்கள்.

உடம்பைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். குஜராத்தின் காம்பத்தில் அகேட் தேய்த்தவர்களின் நுரையீரலைச் சிலிகா தூசு தின்ற கதை நாடறிந்தது. கண்ணாடித் தூசு அந்த அளவுக்குக் கொடியதல்ல, இருந்தாலும் மூச்சுக்குள் போக விடக் கூடாது. சக்கரத்தில் எப்போதும் தண்ணீர் சொட்ட வேண்டும். உலர்ந்து தேய்த்தால் சூடேறிக் கல்லும் வெடிக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் அணியாமல் உட்காரக் கூடாது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கட்டும். அந்தச் சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். படுக்கையறை வேண்டாம், மொட்டைமாடிக் கொட்டகை போதும்.

நகையை அடகு வைத்து உலை வாங்கும் யோசனையைத் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு சோதனை. பொதுத்தேர்வு முடிந்த பிறகு, அதே பாட்டில் கண்ணாடியில் 18-க்கு 13 மில்லிமீட்டர் அளவில் இருபது ஜோடி தோட்டுக்கல் செய்யச் சொல்லுங்கள். அழகான ஒரு கல்லை யாரும் தற்செயலாகச் செய்துவிடலாம். தோடு வாங்குகிறவள் இரண்டு காதையும் கண்ணாடியில் பார்ப்பாள். நாற்பது கல்லையும் ஒரே பையில் கலந்து கொட்டி எடுத்து வரட்டும். ஜோடி சேர்க்கும் வேலை என்னுடையது. என் மேசையில் நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் அளவுகோல் இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள், நீங்களும் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம்.