போட்டோஷாப்பில் சரியாகத் தெரியும் படம், இன்க்ஜெட் பிரிண்டரில் மட்டும் சிவப்பேறி அடர்ந்து வருவது ஏன்?

பெரும்பாலும் நிறத் திருத்தம் இரண்டு முறை நடப்பதுதான் காரணம்: போட்டோஷாப் ஒருமுறை, பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) மறுபடி ஒருமுறை. பிரிண்ட் சாளரத்தின் ‘கலர் ஹேண்ட்லிங்’ பகுதியில் ‘போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ தேர்ந்தெடுத்து, உங்கள் தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பைக் கொடுங்கள். அப்புறம் டிரைவருக்குள் போய் அதன் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். புரொஃபைல் கையில் இல்லையா? நிறப் பொறுப்பைப் பிரிண்டரிடமே விட்டுவிடலாம்.

தாள் வகையையும் சரியாகச் சொல்லுங்கள். எவ்வளவு மை தெளிப்பது என்பதை டிரைவர் அதை வைத்தே முடிவுசெய்கிறது. க்ளாஸி தாளை வைத்துவிட்டு ‘பிளெயின் பேப்பர்’ என்று விட்டால் எந்தப் புரொஃபைலும் காப்பாற்றாது. படம் அச்சாகும் அளவில் 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) இருந்தால் போதும். பிரிண்டர் பெட்டியில் போட்டிருக்கும் 4800 டிபிஐ, ஓர் அங்குலத்துக்கான வெறும் மைப்புள்ளிக் கணக்கு; பிக்சல் கணக்கு அல்ல.