ஆசுப்பத்திரி இலவசம்தானே, பிறகு காசு எங்கே போகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் அரச ஆசுப்பத்திரியில் ஒரு சதமும் வாங்குவதில்லை. ஆனால் அம்மாவுக்குத் தடிமன் காய்ச்சல் வந்து மாறுவதற்குள் வீட்டில் நகை அடகுக்குப் போய்விடுகிறது. ஏன்?

முதல் பங்கு பக்கத்தில் நிற்பவரின் நாட்களுக்குப் போகிறது. வாட்டில் 5 நாள், வீடு வந்தபின் 10 நாள் என்று வைத்தாலே ஒரு ஆளின் 15 நாட்கூலி. உங்கள் ஊர்க் கூலியால் பெருக்கிப் பாருங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற தூரத்து ஊர் என்றால் ஓட்டோக் காசும் கடைச்சாப்பாடும் அதற்கு மேலே. காலபோக நெல் வேலை மும்முரமாக நிற்கும் கார்த்திகை, மார்கழியில்தான் இந்தத் தடிமன் காய்ச்சலைக் கொடுக்கும் இன்புளுவன்சா வைரசும் கூடுகிறது. பசளை எறியும் கிழமை தவறினால் அந்த நட்டம் அறுவடையில் தெரியவரும். அதை யாரும் அம்மாவின் காய்ச்சல் கணக்கில் எழுதுவதில்லை.

இரண்டாவது செலவு இதைவிடப் பெரிது என்பேன். பேரப்பிள்ளையைப் பார்ப்பது, கோழி, மாடு, வீட்டுத் தோட்டம் எல்லாம் அம்மாவின் கையில்தான் ஓடுகின்றன. நோயில்லாத முதியவர்களே 10 நாள் படுக்கையில் கிடந்தால் காலில் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைகிறது. காய்ச்சல் விட்டாலும் கிணற்றடிவரை நடக்க முடியாது. பிள்ளையைப் பார்க்க மருமகள் வேலையை விட வேண்டிவரும். அதனால் மூச்சு வாங்குவது குறைந்ததும் கதிரையில் இருத்திச் சாப்பாடு கொடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் பிடித்து நடத்துங்கள். கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை, பயறு, மீன் சேருங்கள்.

வீணாகும் காசு பாமசியில். வைரசுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. நியூமோனியா பிடித்தால் வைத்தியர் எழுதுவார். உடம்பு நோவுக்கு டைக்ளோபெனக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சிறுநீரக வருத்தம் மலிந்த வவுனியாப் பக்கத்தில் அது பெரிய ஆபத்து. இன்னொன்று, காய்ச்சலில் கிளினிக் தவறிச் சீனி, பிரசர் குளிசை முடிந்துபோவது. கிளினிக் கொப்பியுடன் வீட்டார் ஒருவர் போய் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள்.

மிச்சம் பிடிக்கும் இடம் முதல் இரண்டு நாள். இன்புளுவன்சாவுக்கான ஒசெல்டமிவிர் என்ற மருந்தை 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வயதானவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலும் இருக்கலாம்: சாப்பாட்டை ஒதுக்குவது, தடுமாறி விழுவது, ஆள் மாறிக் கதைப்பது போதும் கொண்டுபோக. கனடாவில் 2018இல் வெளியான ஆய்வொன்றில், இன்புளுவன்சா உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு 6 மடங்கு கூடியிருந்தது. எனவே நெஞ்சு இறுக்கத்தைச் சளி என்று விடாதீர்கள். தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது, பலன் பிடிக்க இரண்டு கிழமை ஆகும். மழைக்கு முன், புரட்டாதியில் போடுங்கள். அந்த ஊசிக் காசையும் 15 நாட்கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி ஒன்றை நாலு வீடு சேர்ந்து வாங்கலாம். மழைக்காலக் காலையில் குளிர்ந்த விரல் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, இலக்கம் நிலைக்க 1 நிமிடம் பொறுங்கள். 94க்குக் கீழே நின்றாலோ, நிமிடத்துக்கு 25 மூச்சுக்கு மேல் போனாலோ 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குக் காசில்லை. நாட்பட்ட முட்டு வருத்தக்காரருக்கு 94 பொருந்தாமல் இருக்கலாம். அவருக்குரிய அளவைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள். வண்டி வந்ததும் அந்தக் கொப்பியும் கூடப் போகவேண்டும்.