கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் வைடு ரிசீவர்களை சீசன் தொடங்கும் முன்பே எடைபோடுவது எப்படி? போன வருடக் கணக்கு போதாதா?

போதாது. போதும் என்று நம்பி 2019 ஆகஸ்டில் நான் எழுதிய பட்டியல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அசடு வழியும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர் தன் பல்கலைக்கழக அணியின் மூன்று ரிசீவர்களுடைய போன வருட எண்களைப் போட்டு, அதே வரிசையில்தான் இந்த வருடமும் விளையாடுவார்களா என்று கேட்டிருக்கிறார். இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை: இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டிய ஆட்டம். யார்டு என்றால் நம் பழைய கெஜம்தான். வைடு ரிசீவர் ஓரமாக நின்று புறப்பட்டு, தன்னைக் காவல் காக்கும் கார்னர்பேக்கை உதறிவிட்டு, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் எவ்வளவு தூரம் ஓடுகிறாரோ அதுவும் அவர் கணக்கில் சேரும்.

நான் மேற்படிப்புக்காக லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இருந்தவன். ஒரு லட்சத்து இரண்டாயிரம் பேர் அமரும் டைகர் ஸ்டேடியம் இருக்கும் ஊர். சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் அன்று காலையிலிருந்தே ஊர் முழுக்கக் கறி வாட்டும் புகை மணக்கும். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை, அதாவது எல்எஸ்யூவை, அங்கே யாரும் முழுப்பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த அந்த அணியை, அந்த ஒரு வருடத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

2018 சீசன் முடிந்தபோது கையில் இருந்த கணக்கு இது. ஜஸ்டின் ஜெஃபர்சன் 54 பந்துகள் பிடித்து 875 யார்டு, 6 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது). ஜமார் சேஸ் 23 பந்துகள், 313 யார்டு, 3 டச்டவுன். டெரஸ் மார்ஷல் 12 பந்துகள், 192 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்து ஒரு சராசரி ரசிகன் என்ன எழுதுவானோ அதையே நானும் எழுதினேன்: ஜெஃபர்சன் நம்பகமானவர், சேஸ் பரவாயில்லை, மார்ஷல் பெயருக்கேற்ற ஆட்டக்காரர் அல்ல. பள்ளி ஆட்டக்காரர்களை நட்சத்திரம் கொடுத்துத் தரம்பிரிக்கும் ஆட்சேர்ப்புப் பட்டியல்கள் சில, மார்ஷலை ஐந்து நட்சத்திரம் என்று கொண்டாடியிருந்தன. ஜெஃபர்சனோ மூன்று நட்சத்திரக்காரர். 2017ல் முதல் வருடம் முழுக்க ஒரு பந்துகூடப் பிடிக்காதவர். நட்சத்திரக் கணக்கைக் கவிழ்த்தவரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரு பெருமிதம் வேறு.

2019ல் நடந்தது இது. சேஸ் 84 பந்துகளில் 1,780 யார்டு, 20 டச்டவுன். நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் அவருக்கே. ஜெஃபர்சன் 111 பந்துகளில் 1,540 யார்டு, 18 டச்டவுன். நான் கைகழுவிய மார்ஷல், காலில் எலும்பு முறிந்து மூன்று ஆட்டங்கள் உட்கார்ந்திருந்தும் 13 டச்டவுன். அணி 15 ஆட்டங்களில் பதினைந்தையும் வென்று தேசியப் பட்டம் எடுத்தது.

அந்த மூவரும் எட்டு மாதத்தில் புது மனிதர்களாகிவிடவில்லை. என் தவறு எங்கே என்றால், ரிசீவரின் எண்ணை ரிசீவருடைய எண் என்றே நினைத்தேன். வேகமாக ஓடுவதும் காவலரை உதறுவதும் அவர் கையில் இருக்கின்றன. பந்து அவரிடம் வருவது அவர் கையில் இல்லை. எறிபவர் அவரைப் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு நேரம் கிடைக்க வேண்டும், அதற்கு முன் அவரை அந்த இடத்துக்கு அனுப்பும் திட்டம் பயிற்சியாளரிடம் இருக்க வேண்டும். 2018ல் எல்எஸ்யூவில் ஜெஃபர்சனுக்கு அடுத்தபடி இருந்த யாரும் 400 யார்டைத் தொடவில்லை. திறமை இல்லாத கூட்டம் என்று அதற்கு நான் பொருள் கொண்டேன். குழாயில் தண்ணீரே வரவில்லை, நான் குடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது ரிசீவரை அல்ல, எறிபவரை. ஜோ பரோ 2018 கோடையில்தான் ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து எல்எஸ்யூவுக்கு வந்தார். அந்த வருட வசந்தகாலப் பயிற்சி அவருக்கு இந்த ரிசீவர்களோடு கிடைக்கவில்லை. ஒரு ரிசீவர் எந்த அடியில் திரும்புவார் என்பது உடம்பில் ஊறுவதற்கு ஆயிரக்கணக்கான எறிதல்கள் வேண்டும். 2019ல் ஒரு முழு வசந்தமும் கோடையும் கிடைத்தன. அவர் எறிந்த பந்துகளில் இலக்கைச் சேர்ந்தவை 57.8 சதவீதத்திலிருந்து 76.3 சதவீதமாயின, டச்டவுன்கள் 16லிருந்து 60. உங்கள் அணியில் எறிபவர் இரண்டாம் வருடமாக அதே ரிசீவர்களோடு இருக்கிறாரா, புதிதாக வந்தவரா? இந்த ஒரு கேள்விக்கான பதில் போன வருடப் பட்டியல் முழுவதையும்விட அதிகம் சொல்லும்.

இரண்டாவது, ஆட்டத்தின் அமைப்பு. 2019 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிரேடி என்ற 29 வயது இளைஞரைப் பந்தெறியும் ஆட்டத்தைக் கவனிக்கக் கொண்டுவந்தார். செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பெரிய அணியில் சின்ன வேலை பார்த்த ஒருவர் வருகிறார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் அவரும் சேர்ந்து, பந்து பிடிக்கப் போகக்கூடிய ஐந்து பேரையும் மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தினார்கள். மைதானம் 53 யார்டுக்குச் சற்றே அதிக அகலம். அதில் ஐந்து பேரை விரித்து நிறுத்தினால் காவல் காப்பவர்களில் யாரோ ஒருவர் தனியாக மாட்டிக்கொள்வார். அந்த ஒருவருக்கு எதிரே நிற்பது சேஸ் என்றால் முடிந்தது கதை. பந்தை ஏந்தி ஓடுவதை முதல் வேலையாகக் கொண்ட ஓட்டக்காரர் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர்கூட அந்த வருடம் 55 பந்துகள் பிடித்தார். ரிசீவர்களைப் பற்றிய கேள்விக்கு ஓட்டக்காரரைப் பற்றிய பதில் எதற்கு என்று தோன்றலாம். அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போனால் ரிசீவரைச் சூழும் ஆட்களில் ஒருவர் குறைவார், அதற்குத்தான்.

ஜெஃபர்சனின் கதை இதைவிடச் சுவையானது. 2018ல் ஒரு பந்துக்குச் சராசரி 16.2 யார்டு. 2019ல் அது 13.9 ஆகக் குறைந்தது. காரணம் எளிது: ஓரத்திலிருந்து உள்ளே, ஸ்லாட் என்னும் இடத்துக்கு அவரை மாற்றியிருந்தார்கள். அங்கே குறுகிய பாதைகள், அதிகப் பந்துகள். சராசரியை மட்டும் பார்ப்பவன் அவர் தேய்ந்துவிட்டார் என்பான். என்னைப் போன்றவர்கள் மட்டும் ஏமாந்தார்கள் என்று நினைக்காதீர்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2020 தேர்வில் அவருக்கு முன்னால் நான்கு ரிசீவர்களை எடுத்தார்கள். 21ஆம் இடத்தில் பிலடெல்பியா அணி ஜேலன் ரேகரை எடுத்தது. 22ல் மின்னசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது. முதல் வருடமே அவர் 1,400 யார்டு குவித்தார். உள்ளே மட்டுமே ஆடக்கூடியவர் என்று சொன்னவர்களுக்கு அவர் ஓரத்தில் நின்றே பதில் சொன்னார். அதனால் ஒரு ரிசீவர் போன வருடம் எங்கே நின்று விளையாடினார், இந்த வருடம் எங்கே நிற்கப்போகிறார் என்பதைக் கேட்காமல் சராசரியைத் தொடாதீர்கள்.

எண்கள் ஏமாற்றுவதற்கு எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் அதே அணியில் இருந்தது. ஜோனதன் ஜைல்ஸ் 2016ல் டெக்சஸ் டெக்கில் 69 பந்துகள், 1,158 யார்டு, 13 டச்டவுன் என்று கலக்கியவர். எல்எஸ்யூவுக்கு மாறி, அன்றைய விதிப்படி ஒரு வருடம் வெளியே உட்கார்ந்துவிட்டு, 2018ல் 7ஆம் எண் சட்டையோடு வந்தார். அந்த எண் அங்கே யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. அந்த சீசனில் அவர் பிடித்தவை பத்தே பந்துகள். டெக்சஸ் டெக் வருடம் முழுக்கப் பந்தை எறிந்துகொண்டே இருக்கும் அணி. அன்றைய எல்எஸ்யூ ஓடி முட்டி முன்னேறும் அணி. இப்போது காத்திருக்கும் வருடம்கூட இல்லாமல் மாணவர்கள் அணி மாறுகிறார்கள் என்பதால், உங்கள் அணிக்கு வந்திருக்கும் ஆளின் பழைய எண்ணைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் பாருங்கள். அது எந்த மண்ணில் விளைந்தது என்பது முக்கியம்.

கண்ணால் பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எனக்குத் தாமதமாக வந்த பாடம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், ஒரு காலத்தில் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் வீட்டு வராந்தாவில்தான் பாதி ஆட்டங்களைப் பார்த்தேன். பந்தைப் பார்க்கிறாயா, பந்து பிடிப்பவனின் காலைப் பார்க்கிறாயா என்பதுதான் அவர் என்னிடம் ஓயாமல் கேட்ட கேள்வி. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போகும், அதனால் ரிசீவரின் வேலையில் முக்கால்வாசி நமக்குத் தெரிவதே இல்லை. எதிரே மார்போடு மார்பு முட்டி நிற்கும் கார்னர்பேக்கை முதல் இரண்டு அடிகளில் உதற முடிகிறதா? திரும்பும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறாரா? பந்து வரும் கடைசி நொடிவரை கையை ஒளித்துவைக்கிறாரா? அவருக்குப் பந்து வராத முயற்சிகளில் இவற்றைப் பாருங்கள் என்பார். மைதானத்துக்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே ஒரு ரிசீவரை மட்டும் கால்மணி நேரம் பார்த்தால், ஒரு வாரம் புள்ளிவிவரம் படித்ததற்குச் சமம். கழுத்து வலிக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சேஸை அந்தப் பெரியவர் 2018 சீசன் கடைசியிலேயே கண்டுகொண்டார். சீசன் முடிவில் நடக்கும் ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில், 2019 ஜனவரி 1 அன்று, எல்எஸ்யூ மத்திய ஃப்ளோரிடா அணியை 40-32 என்று வென்றது. பரோ 394 யார்டு எறிந்தார். எதிரணியின் தரம் எல்எஸ்யூ ஆடும் தென்கிழக்கு லீக்குக்கு வராது என்று நான் அந்த ஆட்டத்தை ஒதுக்கினேன். பெரியவரோ, எதிரி யார் என்பது இரண்டாவது, இந்தப் பையனுக்கு எறியத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் முதலாவது என்றார். வருடம் முழுவதையும் கூட்டிப் பார்ப்பதைவிடக் கடைசி இரண்டு மூன்று ஆட்டங்களில் யாரை நம்பிப் பந்து போகிறது என்று பார்ப்பது நல்லது. அதிலும் மூன்றாவது முயற்சியில், தூரம் அதிகமாக இருக்கும்போது. 2019 செப்டம்பரில் ஆஸ்டினில் டெக்சஸுக்கு எதிராக, மூன்றாவது முயற்சி, 17 யார்டு வேண்டும் என்ற நிலையில் பரோ எறிந்த பந்தை ஜெஃபர்சன் வாங்கி 61 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். எல்எஸ்யூ 45-38 என்று வென்ற அந்த ஆட்டத்தில் மூன்று ரிசீவர்களும் ஆளுக்கு நூறு யார்டைத் தாண்டினார்கள். என் பட்டியல் கிழிந்தது அன்றைக்குத்தான்.

வசந்தகாலக் காட்சி ஆட்டத்தை நம்ப வேண்டாம். குவார்ட்டர்பேக்கைத் தொடவே விடமாட்டார்கள், நல்ல திட்டங்களைப் பயிற்சியாளர் வெளியே காட்டமாட்டார். ஆனால் தினசரிப் பயிற்சியில் உங்கள் ரிசீவருக்கு எதிரே யார் நிற்கிறார் என்று விசாரியுங்கள். சேஸுக்கு எதிரே நின்றவர்கள் கிறிஸ்டியன் ஃபுல்டனும், அப்போதுதான் பள்ளி முடித்து வந்திருந்த டெரிக் ஸ்டிங்லியும். ஸ்டிங்லி பின்னாளில் என்எஃப்எல் தேர்வில் மூன்றாவது ஆளாகப் போனவர். வாரநாட்களில் அவர்களோடு மல்லுக்கட்டியவருக்குச் சனிக்கிழமை கொஞ்சம் ஓய்வு மாதிரி இருந்திருக்கும்.

நான்காவது, ஐந்தாவது ஆட்களையும் பார்க்க வேண்டும். மார்ஷல் விழுந்தபோது ரேசி மெக்மாத் உள்ளே வந்தார், ஆட்டம் தடைப்படவில்லை. பல அணிகளில் மூன்றாவது ஆளோடு சரக்கு தீர்ந்துவிடும்.

இத்தனையும் கற்றுக்கொண்டு 2020 ஆகஸ்டில் மறுபடி ஒரு பட்டியல் எழுதினேன். எறிபவர் புதியவர், பிரேடி என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, சேஸ் முதலிடம், மார்ஷல் இரண்டாமிடம். அந்த மாதக் கடைசியிலேயே சேஸ் அந்த சீசனில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். மார்ஷல் ஏழு ஆட்டங்களில் 10 டச்டவுன் போட்டுவிட்டு அவரும் விலகினார். டிசம்பரில் ஓல் மிஸ் அணிக்கு எதிராகக் கேஷான் பூட்டி என்ற முதல் வருட மாணவர் ஒரே ஆட்டத்தில் 14 பந்துகள் பிடித்து 308 யார்டு எடுத்து லீக் சாதனை படைத்தார். என் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பெரியவரிடம் சொன்னேன், தன் பட்டியலில் இருந்ததா என்று அவரும் காட்டவில்லை.