ஒரே கேபிள், இரண்டு துளைகள்: பதிவு செய்யும் செட் டாப் பாக்ஸை நாமே பொருத்தலாமா?

கேள்வி: தாம்பரத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். மொட்டை மாடியில் டிஷ் ஆண்டெனா ஏற்கெனவே இருக்கிறது; 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே உள்ள செயற்கைக்கோளை நோக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். படம் நன்றாகவே வருகிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள, நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் செட் டாப் பாக்ஸ் ஒன்றை எங்கள் டிடிஎச் நிறுவனத்திடமிருந்து வாங்கியிருக்கிறேன். அதன் பின்புறத்தில் டிஷ் கேபிளைச் செருக இரண்டு துளைகள் இருக்கின்றன. மாடியிலிருந்து இறங்கி வருவதோ ஒரே கேபிள். ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். பொருத்துவதற்கு ஆள் வர ஒரு வாரம் ஆகுமாம். இதை நானே செய்துகொள்ளலாமா?

பதில்: செய்துகொள்ளலாம். ஆனால் ஸ்பிளிட்டரை வாங்க வேண்டாம். கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவர் கடையில் போட்டுக் காட்டினால் இரண்டு சேனல்களும் ஒருவேளை ஒழுங்காகவே வரக்கூடும். வீட்டுக்கு வந்து நான்கு நாள் கழித்துத்தான் தொல்லை தொடங்கும். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் மற்ற வேலைகள் எல்லாம் எளிதாகிவிடும் என்பதால் அதையே முதலில் விளக்குகிறேன்.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையின் நுனியில் உள்ள சிறிய உறுப்புக்கு எல்என்பி என்று பெயர். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் அனுப்பும், 10.7 முதல் 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைச் சாதாரணக் கேபிள் தாங்காது; சில மீட்டர்களிலேயே அவை தேய்ந்துவிடும். ஆகவே எல்என்பி அவற்றை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளாகக் குறைத்துக் கேபிளில் இறக்கி விடுகிறது. நம்மில் பலர் கவனிக்காத விஷயம், அதே கேபிளில் கீழிருந்து மேலேயும் ஒன்று போகிறது என்பதுதான். பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்து அலைகளை, அதாவது மேலும் கீழுமாக அதிர்பவற்றை மட்டும் கொடுக்கும். 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகளை, அதாவது பக்கவாட்டில் அதிர்பவற்றை மட்டும் கொடுக்கும். யுனிவர்சல் வகை எல்என்பியாக இருந்தால், 11.7 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி வேண்டும் என்று கேட்பதற்கு 22 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குறி ஒன்றும் உடன் செல்லும். எனவே ஒரு நேரத்தில் ஒரு கேபிள் தருவது முழு வானத்தையும் அன்று, நான்கு பங்கில் ஒரு பங்கை மட்டுமே.

இப்போது உங்கள் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அதற்குள் இரண்டு ட்யூனர்கள், அதாவது வேண்டிய சேனலைப் பிடித்துத் தரும் உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் பார்ப்பதற்கு, மற்றொன்று பதிவு செய்வதற்கு. இரவு எட்டரை மணிக்கு நீங்கள் செங்குத்துப் பிரிவில் வரும் செய்திச் சேனலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கிடைமட்டப் பிரிவில் வரும் தொடரைப் பதிவு செய்ய இரண்டாவது ட்யூனர் விழிக்கிறது. அது 18 வோல்ட் கேட்கிறது, முதலாவது 13 வோல்ட் கேட்கிறது. நடுவில் ஸ்பிளிட்டர் இருந்தால் இரண்டு கோரிக்கைகளும் ஒரே எல்என்பியிடம் போய்ச் சேரும். பெரும்பாலும் அதிக வோல்ட்தான் வெல்லும். செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் மறைந்துவிடுவார். இரண்டு சேனல்களும் தற்செயலாக ஒரே பிரிவில் இருந்தால் எந்தத் தகராறும் வராது. கடையில் போட்டுப் பார்க்கும்போது சரியாக வருவதும், வீட்டில் சில நாள் வந்து சில நாள் வராமல் போவதும் இதனால்தான்.

ஆகவே உங்களுக்குத் தேவை இரண்டு பொருள்கள்: தனித்தனியாக இயங்கும் இரண்டு வெளியீடுகள் கொண்ட ட்வின் எல்என்பி ஒன்று, மாடியிலிருந்து கூடத்துக்கு வரும் இரண்டாவது கேபிள் ஒன்று. கடையில் கேட்கும்போது பெயரில் கவனம் வேண்டும். குவாட் என்பது நான்கு சுதந்திரமான வெளியீடுகள் கொண்டது. உங்களுக்கு அது தேவைக்கு மேல், ஆனால் வேலை செய்யும். குவாட்ரோ என்பது ஒவ்வொரு துளையிலும் நிரந்தரமாக ஒரே ஒரு பிரிவை மட்டும் தருவது. பெரிய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கானது. உங்கள் வீட்டில் அதை மாட்டினால் முக்கால்வாசிச் சேனல்கள் வராது. எல்லா நிறுவனங்களும் ஒரே வகை எல்என்பியைப் பயன்படுத்துவதில்லை என்பதால், உங்கள் டிடிஎச் சேவைக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். ஒரே கேபிளில் இரண்டு ட்யூனர்களுக்கும் தனித்தனி அலைவரிசை ஒதுக்கித் தரும் எல்என்பிகளும் உண்டு; ஆனால் பெட்டியும் அதே முறையை ஏற்பதாக இருக்க வேண்டும். உங்கள் பெட்டியின் கையேட்டில் அப்படி எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் அந்த வழியை மறந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியே போயிருக்கும்போது ஓடும் நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பது மட்டும்தான் உங்கள் தேவை, ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிய வேண்டியதில்லை என்றால், பல பெட்டிகளில் முதல் துளையில் மட்டும் பழைய கேபிளைச் செருகி, அமைப்புப் பகுதியில் ஒற்றை ட்யூனர் என்று தேர்ந்தெடுத்து அப்படியே பயன்படுத்தலாம். மாடி ஏற வேண்டிய அவசியமே இல்லை. என் அனுபவத்தில், பதிவுப் பெட்டி வாங்குபவர்களில் கணிசமானோருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

மாடி வேலைதான் என்று முடிவு செய்துவிட்டால், முதல் விதி இது: டிஷ்ஷைத் தாங்கும் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைக்காதீர்கள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மொத்தமாகவே ஏறத்தாழ 3 பாகைதான். நடுவிலிருந்து ஒன்றரை பாகை விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். தாம்பரத்திலிருந்து பார்த்தால் உங்கள் செயற்கைக்கோள் தெற்குத் திசையிலிருந்து சற்றே கிழக்கே ஒதுங்கி, ஏறக்குறைய 74 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு உயரத்தை நோக்குவதாகத் தெரியாது. எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே ஒதுங்கி இருக்கும்படி அதை வடிவமைத்திருப்பதால், அது நோக்கும் திசை நம் கண்ணுக்குத் தோன்றுவதைவிட இருபது பாகைக்கும் மேல் உயரமானது. இது தெரியாமல் ‘கொஞ்சம் நிமிர்த்தி விடலாமே’ என்று கை வைத்துவிட்டு, பிறகு நாள் முழுக்கச் செயற்கைக்கோளைத் தேடியவர்களை நான் அறிவேன். உங்கள் டிஷ் இப்போது சரியாக நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு எல்என்பியை மட்டும் மாற்றுங்கள்.

பழைய எல்என்பியைக் கழற்றுவதற்கு முன், அது கவ்வியில் எவ்வளவு தூரம் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு திருகப்பட்டிருக்கிறது என்பதை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். அந்தத் திருகல் அலட்சியத்தால் வந்தது அன்று. செங்குத்து அலை என்பது செயற்கைக்கோளின் கணக்கில்தான் செங்குத்து. நம் ஊரிலிருந்து பார்க்கும்போது அது சாய்ந்து தெரிகிறது. 83 பாகைச் செயற்கைக்கோளுக்குத் தாம்பரத்தில் இந்தச் சாய்வு ஏறக்குறைய 12 பாகை. டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் 93.5 பாகைக்கோ அது 45 பாகையை எட்டிவிடுகிறது. அங்கே எல்என்பியை நேராக மாட்டினால் இரண்டு பிரிவுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். புதிய எல்என்பியின் வடிவம் பழையதைப் போலவே இல்லாவிட்டால், கீழே ஒருவர் சிக்னல் திரையைப் பார்த்துச் சொல்ல, மேலே நீங்கள் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிபார்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, வெயில் நாளில், காலை வேளையில் இதை முடித்துக்கொள்ளுங்கள். டிஷ் கைப்பிடிச் சுவருக்கு வெளியே பொருத்தப்பட்டிருந்தாலோ, பக்கத்தில் மின்கம்பி போனாலோ, ஒரு வாரம் காத்திருந்து ஆளை வைத்தே செய்வதுதான் அறிவுடைமை. இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

கேபிளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆர்ஜி-6 என்று அச்சிட்ட, 75 ஓம் கேபிளாக இருக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் நடுக்கம்பி இரும்பாக இருக்கும். மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். வீட்டு அளவு தூரத்துக்கு அது பெரும்பாலும் ஓடும். ஆனால் தூரம் கூடக் கூட 18 வோல்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் தேய்ந்து, கிடைமட்டப் பிரிவுச் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். முழுச் செம்புக் கம்பி இருந்தால் இந்தக் கவலை இல்லை. பழைய கேபிளின் நுனியையும் ஒரு முறை வெட்டிப் பாருங்கள். உள்ளே பின்னல் கம்பி வெள்ளி நிறத்தில் இல்லாமல் கறுத்திருந்தால் நீர் இறங்கியிருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேபிளை எல்என்பியிலும் பெட்டியிலும் திருகி இணைக்கும் உலோக முனைக்கு எஃப் கனெக்டர் என்று பெயர்; அதை மாட்டுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. வெளித்தோலை ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, பின்னல் கம்பிகளைப் பின்னோக்கி மடித்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளை நுரைப்பகுதியை வெட்டி நடுக்கம்பியை வெளியே கொண்டுவாருங்கள். நடுக்கம்பியில் கத்தி பட்டுக் கீறல் விழக்கூடாது. விழுந்தால் ஒரு நாள் அந்த இடத்திலேயே முறியும். கனெக்டரை ஏற்றிய பிறகு, வெள்ளை நுரைப்பகுதி கனெக்டரின் உட்தளத்துக்குச் சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி அதன் விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். தலைமுடி அளவு பின்னல் இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஷார்ட் ஆகிவிடும். வீட்டுப் பொருத்தல்களில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒற்றை இழையால்தான்.

மேலே எல்என்பியில் இரண்டு கேபிள்களையும் இறுக்கியதும், அதற்கென்று விற்கும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது. அங்கிருந்து கேபிள் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறும்படி விட்டால், மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. சுவரில் புதிதாகத் துளையிட வேண்டியிருந்தால், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு சாய்த்துத் துளையிடுங்கள். கேபிள் ஒன்றில் சிவப்பு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் பின்னர் குழப்பம் வராது.

கீழே இணைக்கும்போது பெட்டியின் மின்சாரம் நின்றிருக்க வேண்டும். கேபிளில் எப்போதும் வோல்ட் இருப்பதால், ஓடும் பெட்டியில் செருகிக் கழற்றுவது கெட்ட பழக்கம். இரண்டையும் செருகி, பெட்டியை இயக்கி, சிக்னல் திரையில் ஒவ்வொரு ட்யூனரையும் தனித்தனியாகப் பாருங்கள். வலிமை என்ற பட்டை எல்என்பியும் கேபிளும் உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்லும். தரம் என்ற பட்டைதான் சரியான செயற்கைக்கோளிலிருந்து ஒழுங்காக வருகிறதா என்பதைச் சொல்லும். ஒரு ட்யூனரில் மட்டும் தரம் குறைவாக இருந்தால், பெட்டியை நிறுத்திவிட்டு இரண்டு கேபிள்களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறு கேபிளோடு இடம் மாறினால் குற்றம் கேபிளிலோ கனெக்டரிலோ எல்என்பியின் அந்த வெளியீட்டிலோ இருக்கிறது. மாறாமல் அதே துளையில் நின்றால் குற்றம் பெட்டியில் இருக்கிறது, நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். இறுதியாக, ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே வேறு சில சேனல்களை ஒவ்வொன்றாகப் பத்து நிமிடம் பதிந்து பாருங்கள்; எந்தச் சேர்க்கையிலும் படம் தடைப்படக்கூடாது.

உங்கள் சந்தாவை அடையாளம் காட்ட பெட்டிக்குள் செருகும் வியூயிங் கார்டு புதிய பெட்டியோடு இணைக்கப்பட்டுச் செயல்பட வேண்டும் என்பதால், பழைய கார்டை எடுத்துச் செருகுவதற்கு முன் வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேட்டுவிடுங்கள். பதிந்தவை பெரும்பாலும் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். கொள்ளளவுக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன்: எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி ஆகும், 500 ஜிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 140 மணி நேரம் கொள்ளும். டெஸ்ட் கிரிக்கெட்டின் ஒரு முழு நாள் ஆட்டம் 25 ஜிபி அளவுக்கு இடத்தைப் பிடித்துவிடும்.

பெட்டியின் மேல் பூவேலைத் துணியையோ பழைய பெட்டியையோ வைக்காதீர்கள்; உள்ளே டிஸ்க் சுழல்வதால் சூடு வெளியேற வழி வேண்டும். மின்வெட்டின்போது பதிவு நடுவில் அறுந்து டிஸ்க்கும் பழுதாகலாம் என்பதால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இணைப்பிலேயே பெட்டியைச் செருகுங்கள். இடிமழை தொடங்குவதற்கு முன்பே மின் பிளக்கோடு இரண்டு டிஷ் கேபிள்களையும் கழற்றி வைப்பது நல்லது. மற்ற நாட்களில் ரிமோட்டில் அணைத்தால் போதும். பெட்டி உறக்க நிலையில் இருந்துகொண்டே குறித்த நேரத்தில் விழித்துப் பதியும். படுக்கப் போகும்போது டிவி சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தால், டிவிக்கும் பெட்டிக்கும் சுவிட்சுகளைத் தனித்தனியாகப் பிரித்து, பெட்டியின் சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள்.